பழைய பொம்மைப் பட போஸ்டர் சேர்க்க ஆசையா? வடசென்னையிலிருந்து தொடங்குபவர்களுக்கு

1930களின் அசல் மிக்கி மவுஸ் போஸ்டர் தங்கசாலைப் பக்கம் ஏதோ பழைய பேப்பர் கடையில் கட்டாகக் கட்டிக் கிடக்கும் என்ற நினைப்பில் இந்த வேலையில் இறங்காதீர்கள். கிடக்காது. அமெரிக்காவிலேயே கிடைப்பதில்லை. அந்தக் காலத்தில் தியேட்டர்காரர்கள் போஸ்டரை வாடகைக்கு எடுத்து, படம் மாறியதும் திருப்பி அனுப்பினார்கள். அது அடுத்த ஊருக்குப் போய், அங்கே கிழிந்து முடிந்தது. மிச்சம் இருந்ததில் ஒரு பகுதி இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதச் சேகரிப்பில் கூழாகப் போனது. 1928இல் அச்சான ஒரு மிக்கி போஸ்டர் 2012இல் ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமல்ல, அதைப் போல வேறு பிரதி யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் நமக்கு என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. போஸ்டர் சேகரிப்பு என்பது அடிப்படையில் காகிதத்தை அடையாளம் காணும் வேலை. படத்தை யார் வேண்டுமானாலும் திரும்ப அச்சடிக்கலாம். நீங்கள் காசு கொடுப்பது அந்தக் காலத்துத் தாளுக்கும் மைக்கும்தான். காகிதம், அச்சு, அட்டை, கண்ணாடி என்று தெருவுக்குத் தெரு வியாபாரம் நடக்கும் ஜார்ஜ் டவுன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் படிப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும்.

எதைத் தேடப் போகிறீர்கள்?

“பழைய கார்ட்டூன் போஸ்டர் எல்லாம்” என்று ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் பணமும் தீரும், வீட்டில் இடமும் தீரும். ஒரு காலத்தையோ ஒரு நாட்டையோ பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

சினிமா பிறந்ததாகச் சொல்லப்படும் 1895க்கு முன்பே, 1892 அக்டோபர் 28 அன்று, பாரிஸின் க்ரெவான் மெழுகுச்சிலைக் கூடத்தில் எமில் ரெய்னோ கையால் வரைந்த படங்களைத் திரையில் ஓடவிட்டார். அந்தக் காட்சிக்கு ஜூல் ஷெரே வரைந்த போஸ்டர் இன்றும் இருக்கிறது. ஆனால் படங்களில் பெரும்பாலானவற்றை ரெய்னோவே பிற்காலத்தில் மனம் வெறுத்து சேன் நதியில் வீசிவிட்டார். படம் போய் போஸ்டர் நின்றது! 1908இல் எமில் கோலின் ‘ஃபான்டாஸ்மகோரி’, 1914இல் வின்சர் மெக்கேயின் டைனோசர் கெர்ட்டி, 1919இல் பூனை ஃபெலிக்ஸ், 1926இல் ஜெர்மனியில் லோட்டெ ரைனிகர் கறுப்புத் தாளை வெட்டி உருவாக்கிய ‘இளவரசர் அக்மத்’, 1928 நவம்பர் 18இல் மிக்கி மவுஸின் ‘ஸ்டீம்போட் வில்லி’, 1937 டிசம்பரில் ‘ஸ்னோ ஒயிட்’. தொடக்க காலம் என்று சேகரிப்பவர்கள் சொல்வது ஏறக்குறைய இந்த வரிசையைத்தான்.

இவற்றின் முதல் வெளியீட்டு போஸ்டர்களைப் புத்தகத்தில் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள், வாங்கக் கனவு காண வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்குத் திறந்திருக்கும் வழிகள் வேறு. ஒன்று, அதே படங்கள் 1940, 50, 60களில் மறுபடி வெளியானபோது அச்சான போஸ்டர்கள். இன்னொன்று, அமெரிக்கா அல்லாத நாடுகளின் போஸ்டர்கள். சோவியத் போஸ்டர்கள் எனக்குத் தனிப் பிரியம். அவற்றின் அடியில் பொடி எழுத்தில் எத்தனை பிரதி அச்சடித்தார்கள் என்ற கணக்கும் தேதியும் அச்சாகியிருக்கும். ரஷ்ய எழுத்து தெரியாவிட்டாலும் எண்ணைப் படிக்கலாமே. மூன்றாவது, சின்னக் காகிதங்கள்: லாபி கார்டு (தியேட்டர் முகப்பில் வைக்கும் சின்ன அட்டை), தியேட்டர் நோட்டீஸ், பத்திரிகை விளம்பரப் பக்கம். என்னைக் கேட்டால் மூன்றாவதிலிருந்து ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். விலை தாங்கும், வைக்க இடம் போதும், ஏமாந்தாலும் பெரிதாக நஷ்டமில்லை.

இந்தியப் பொம்மைப் படங்களையே தேடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1934இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் ‘பீ பிரதர்ஸ்’ வெளியிட்டது. 1956இல் மத்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு தொடங்கி, டிஸ்னியில் வேலை பார்த்த க்ளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுக்க, 1957இல் ‘பேன்யன் டியர்’ வந்தது. ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களை ஒவ்வொரு தியேட்டரும் மெயின் படத்துக்கு முன்னால் அந்தக் காலத்தில் கட்டாயம் ஓட்டியாக வேண்டியிருந்தது. கூட்டம் சேர்க்கத் தேவையில்லாத படத்துக்கு யார் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுவார்கள்? ஆகவே இந்தப் பக்கம் போஸ்டரைவிடப் பத்திரிகைக் குறிப்புகளையும் ஸ்டில்களையும் தேடுவது பலன் தரும்.

அடிவரியைப் படியுங்கள்

போஸ்டரைக் கையில் வாங்கியதும் எல்லோரும் நடுவில் இருக்கும் படத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். விநியோகஸ்தர் பெயர், காப்புரிமை வரி, அச்சகத்தின் பெயர், எண். நான்கும் சேர்ந்து அந்தத் தாளின் வயதைச் சொல்லிவிடும்.

டிஸ்னி படங்களுக்கு இது மிகவும் கைகொடுக்கும். டிஸ்னியின் குறும்படங்களை 1929-30 முதல் 1932 வரை கொலம்பியா விநியோகித்தது. பிறகு 1937 வரை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். அதன் பிறகு ஆர்.கே.ஓ. ரேடியோ. 1953இல் டிஸ்னி தன் சொந்த விநியோக நிறுவனமான ப்யூனா விஸ்டாவைத் தொடங்கியது. இதை மனப்பாடம் செய்துவிட்டால், “ஸ்னோ ஒயிட், 1937 ஒரிஜினல் சார்” என்று ஒருவர் நீட்டும் போஸ்டரில் ப்யூனா விஸ்டா என்று இருப்பதைக் கண்டதும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கலாம். அது 1958இலோ அதற்குப் பிறகோ மறுபடி வெளியானபோது அச்சானது. ஆர்.கே.ஓ. என்று இருந்தாலும் உடனே துள்ள வேண்டாம். 1944, 1952 மறுவெளியீடுகளையும் ஆர்.கே.ஓ.தான் செய்தது.

இரண்டாவது துப்பு, எண். 1940 முதல் அமெரிக்காவில் நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் போஸ்டர் வழங்கலைக் கையில் எடுத்தது. அதன் போஸ்டர்களில் வலது கீழ் மூலையில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், சாய்கோடு, ஒரு வரிசை எண் என்று இருக்கும். முன்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மறுவெளியீடு. ஆர், 58, சாய்கோடு என்று பார்த்தால் 1958இன் மறுவெளியீடு என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். எண்ணே இல்லாத தாள்களும் உண்டு, அதனால் எண் இல்லை என்பதை மட்டும் வைத்து 1940க்கு முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம். அந்தக் காலக் குறும்படங்கள் பலவற்றுக்குத் தனித்தனி போஸ்டர் கிடையாது. மிக்கியோ ஃபெலிக்ஸோ நிற்கும் பொது போஸ்டர் ஒன்று இருக்கும், படத்தின் பெயரைத் தியேட்டர்காரர் எழுதிக்கொள்ளக் காலியிடம் விட்டிருப்பார்கள். ஆகவே படப்பெயர் இல்லாத போஸ்டரைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். அடிவரியும் தாளும் சரியாக இருந்தால் அது இன்னும் அரிதாகக்கூட இருக்கலாம்.

தாளைச் சோதியுங்கள்

சட்டைப்பையில் மூன்று சாமான் இருக்கட்டும்: அளவு டேப், நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு லென்ஸ், கள்ளநோட்டு பார்க்கும் சின்ன ஊதா விளக்கு. சௌகார்பேட்டையில் இவை கிடைக்காத தெரு குறைவு.

டேப்பில் தொடங்குங்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவின் வழக்கமான போஸ்டரான ஒன் ஷீட் 27க்கு 41 அங்குலம். லாபி கார்டு 11க்கு 14, பெரும்பாலும் எட்டு கொண்ட செட். ஹாஃப் ஷீட் 22க்கு 28. இன்சர்ட் 14க்கு 36. பிரிட்டிஷ் க்வாட் 30க்கு 40, படுக்கை வாட்டம். ஜப்பானிய பி2 ஏறக்குறைய 20க்கு 29. பழைய டிஸ்னி போஸ்டர் என்று ஒன்று 24க்கு 36 அளவில் வந்தால் அது சுவரில் மாட்டக் கடையில் விற்ற மறுபதிப்பு, வேறு ஆராய்ச்சி தேவையில்லை. ஓரத்தில் அரை அங்குலம் குறைந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள், விலையும் அந்த அளவுக்கு இறங்க வேண்டும்.

அடுத்தது மடிப்பு. 1980களின் தொடக்கம் வரை ஒன் ஷீட்களை மடித்துத்தான் அனுப்பினார்கள். 1930களின் போஸ்டர் மடிப்பே இல்லாமல் சுருளாக வந்தால் சந்தேகப்படுங்கள். மடிப்பு தெரிந்தாலும் கண்ணை நம்பாமல் கையை வைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை மடிப்பின் மேல் மெல்ல ஓட்டுங்கள். அசலில் மேடும் பள்ளமும் விரலில் தட்டும், மடிப்பு குறுக்கே வெட்டும் இடத்தில் தாள் தேய்ந்து ஊசிமுனை ஓட்டை விழுந்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஸ்கேன் எடுத்து அச்சடித்ததில் மடிப்பு, கறை, கிழிசல் எல்லாம் படமாக இருக்கும், விரல் வழுக்கிக்கொண்டு போகும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பளிச்சென்று வெள்ளை.

இனி லென்ஸ். 1930களின் ஒன் ஷீட்களில் பெரும்பாலானவை கல் லித்தோ, அதாவது கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறை. லென்ஸில் பார்த்தால் மிக்கியின் முகத்திலோ நரியின் வாலிலோ நிறம் சாக்கட்டி தேய்த்தது போலச் சீரற்ற மணல்மணலாக இருக்கும், ஒரு நிறம் இன்னொன்றின் மேல் லேசாக விலகி உட்கார்ந்திருக்கும். ஆஃப்செட்டில் அச்சடித்தால் நான்கு நிறப் புள்ளிகள் வட்டவட்டமாகப் பூப்போல வரிசையில் நிற்கும். இங்க்ஜெட் என்றால் ஒழுங்கே இல்லாத தூறல். கல் லித்தோவாக இருக்க வேண்டிய தாளில் இந்தப் பூப்புள்ளி தெரிந்தால் பேச்சு முடிந்தது. லாபி கார்டுக்கும் புகைப்படம் சேர்ந்த போஸ்டருக்கும் இந்த விதி அப்படியே பொருந்தாது, அவற்றில் அந்தக் காலத்திலேயே புள்ளி உண்டு.

கடைசியாக ஊதா விளக்கு. 1950 வாக்கில்தான் காகிதத்தில் வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்ப்பது பரவலானது. அந்தத் தாள் ஊதா வெளிச்சத்தில் நீலவெள்ளையாக ஜொலிக்கும். 1935 என்று சொல்லும் தாள் கல்யாண வீட்டு வேட்டி போல் ஜொலித்தால் கிளம்பிவிடுங்கள். பழைய தாள் மங்கலாக, பழுப்பாகக் கிடக்கும். பின்னால் துணி ஒட்டிப் பாதுகாத்த போஸ்டரில் அந்தத் துணியோ ஒட்டுத்தாளோ ஜொலிக்கலாம், ஆகவே படம் இருக்கும் பக்கத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஸ்டீம்போட் வில்லி’யின் அமெரிக்கக் காப்புரிமை 2024இன் தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. அந்தப் பழைய மிக்கியை யாரும் சட்டப்படியே அச்சடிக்கலாம் என்ற நிலை. பழமை ஏற்றிய புதுத்தாள்கள் இன்னும் பெருகத்தான் செய்யும்.

எங்கே தேடுவது

மூர் மார்க்கெட் இருந்த காலத்துக் கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1985இல் அது எரிந்த பிறகு கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸுக்கு மாறின. அங்கே பழைய புத்தகக் கடைக்காரர்களிடம் போஸ்டர் என்று கேட்பதைவிட, 1940, 50களின் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பட விளம்பரங்கள் அதற்குள்தான் இருக்கும். பிராட்வே பக்கம் பாட்சா என்று பெயர் மாறிய மினர்வா தியேட்டர் ஒரு காலத்தில் ஆங்கிலப் படத்துக்குப் பேர் பெற்றிருந்தது. அந்த வட்டாரத்துப் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது பரணிலிருந்து நோட்டீஸும் ஸ்டில்லும் இறங்க வாய்ப்பு உண்டு.

சுவரில் ஒட்டிய போஸ்டர் ஒருநாளும் மிஞ்சாது. மைதா பசையில் ஒட்டியதை மழையோ மாடோ பார்த்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒட்டாமல் விட்டது: விநியோகஸ்தர் குடோனில் தங்கியது, ஆபரேட்டர் வீட்டுக்கு எடுத்துப் போனது, அச்சகத்தில் மாதிரிக்கு வைத்தது. ஆகவே வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் தியேட்டர் வேலையில் இருந்தவர்களின் குடும்பங்களையும் பழைய அச்சகங்களையும் மெதுவாக அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவசரப்பட்டால் கதவு சாத்தப்படும்.

காயலாங்கடையில் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. போனதும் “அண்ணே, மிக்கி மவுஸ் போஸ்டர் இருக்கா?” என்று கேட்டால், “இன்னா தம்பி, கிலோ கணக்கா, பீஸ் கணக்கா?” என்று திருப்பிக் கேட்பார். கேள்வியிலேயே விலை ஏறிவிட்டது. “சினிமா காகிதம் எது வந்தாலும் எடுத்து வைங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, முதல் சில தடவை தேவையில்லாத பாட்டுப் புத்தகத்தையாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். அவர் கிழித்து எடை போடுவதை நிறுத்துவார், அதுதான் வேண்டியது.

பழைய சினிமா காகிதம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நோட்டீஸ், பாட்டுப் புத்தகங்களின் பெரிய சேகரிப்பு. புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் போஸ்டர்கள் உண்டு. தனி ஆளாக ஸ்டில்களையும் தகவல்களையும் சேர்த்து ஒரு துறைக்கே ஆதாரமாக நின்ற ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசே வாங்கியது. அவர் குறிப்பு எழுதிய ஒழுங்கைக் கற்றுக்கொண்டால் போதும்.

இணையத்தில் வாங்கும்போது

அசல் அமெரிக்க, ஐரோப்பிய போஸ்டர் வேண்டுமென்றால் கடைசியில் வெளிநாட்டு ஏலமும் இணையச் சந்தையும்தான். ஏலத்தில் சுத்தியல் விழும் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், கூரியர், இங்கே சுங்க வரி எல்லாம் சேரும். மொத்தத்தையும் கூட்டி வைத்துக்கொண்டு அப்புறம் கை தூக்குங்கள். விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: முழு முன்பக்கம், முழுப் பின்பக்கம், அடிவரி கிட்டத்தில், டேப் வைத்து ஓரம். பின்பக்கம் காட்டத் தயங்குபவரை விட்டுவிடுங்கள். விலைச்சீட்டில் போஸ்டரின் ஆண்டும், அசல் என்ற சொல்லும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வடசென்னையில் வைத்துக் காப்பாற்றுவது

வாங்குவதைவிட இதுதான் கஷ்டம். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும், காகிதத்துக்கு 50 போதும். காசிமேடு, ராயபுரம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ராமபாணப் பூச்சி, கரையான், பூஞ்சை மூன்றும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் ஊர் இது.

லேமினேஷன் செய்யாதீர்கள். நம் ஊரில் எதைக் காப்பாற்ற வேண்டுமானாலும் முதலில் லேமினேஷன் கடைக்குத்தான் ஓடுவோம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒன்றாகிவிடும், திரும்ப எடுக்க வழியே இல்லை, அந்த நிமிடமே சேகரிப்பு மதிப்பு போய்விடும். செல்லோ டேப்பும் அப்படித்தான். அதன் பசை ஊறி மஞ்சள் கறையாக மறுபக்கம் வரை வரும்.

உறைக்கு பாலியெஸ்டர் ஷீட், அதாவது மைலார், கேளுங்கள். புது ரெக்சின் போல வாடை அடிக்கும் பி.வி.சி. உறை வேண்டாம். இடையில் வைக்க அமிலமில்லாத தாள் வேண்டும். ஆண்டர்சன் தெருவில் தாள் வகை தெரிந்த வியாபாரிகள் இருக்கிறார்கள், ஆசிட் ஃப்ரீ என்று தெளிவாகச் சொல்லி, கம்பெனி உறையிலேயே அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். செய்தித்தாளில் மட்டும் சுற்றி வைக்காதீர்கள், அதன் அமிலம் போஸ்டருக்கு ஏறும்.

படுக்கையாக வைப்பது நல்லது. இடமில்லாவிட்டால் நாலு அங்குலம் அகலமான குழாயின் மேல் அமிலமில்லாத தாள் சுற்றி, அதற்கு வெளியே போஸ்டரைத் தளர்வாகச் சுருட்டலாம். ஸ்டீல் பீரோ பரவாயில்லை, ஆனால் மழையில் நனையும் வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். பரண் வெயிலில் கொதிக்கும். தரையோடு தரையாக, கட்டிலுக்கு அடியில் வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் புயல் மழையில் இந்தப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும், அந்தக் கோட்டுக்கு மேலேதான் முதல் தட்டு. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் சின்ன ஈரப்பத மீட்டரும் போடுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் சூடாக்காதீர்கள், அந்த நீலம் விஷம். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வெயில் படாத மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, பூச்சி எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டத்தான் வேண்டும் என்றால் தேவராஜ முதலி தெருவில் சட்டம் போடுபவர்கள் இருக்கிறார்கள். வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் பழக்கத்தில் ஃபெவிகால் போட்டு அட்டையில் ஒட்டிவிடுவார்கள். பக்கத்தில் நின்று சொல்லுங்கள்: பசை கூடாது, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் மவுண்ட் போர்டு வேண்டும், பின்னால் ஒட்டுப்பலகை வேண்டாம். மேல் விளிம்பில் மட்டும் ஜப்பான் டிஷ்யூ என்ற மெல்லிய தாளின் துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச்சில் ஒட்டித் தொங்கவிட்டால், நாளைக்கு ஈரப்பஞ்சால் கழற்றலாம். மைதா அந்த வேலைக்கு ஆகாது, பூச்சிக்குச் சாப்பாடு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள், சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும்.

நோட்டும் சட்டமும்

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கே, யாரிடம், என்ன விலை, அளவு, அடிவரி முழுசாக, எண், கிழிசல் எங்கே, விளக்கில் எப்படித் தெரிந்தது. போஸ்டரின் மேல் எதுவும் எழுத வேண்டாம், பின்பக்கம்கூட.

வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் வந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை நினைவில் வையுங்கள். 100 ஆண்டு கடந்த கலைப்பொருளும், வரலாற்று, அழகியல் மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த ஆவணமும் அதன் வரம்புக்குள் வரும், தனிநபர் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. சந்தேகமான வயதில் இருக்கும் தாளுக்கு, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் கேட்டு வாங்குங்கள், பார்சல் கட்டுவது அப்புறம். உள்ளூரில் கைமாற்றினால் அந்த நோட்டுப் பக்கத்தின் நகலையும், நீங்கள் வாங்கியபோது கிடைத்த விலைச்சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.